ஈசிஜி நோமலாம், ஆனா நெஞ்சு அடிக்குது

டொக்டரிட்ட கேளுங்கோ: வாசகர் கேள்வி பதில்

இந்தமுறை பதில் எழுதுவமெண்டு குந்தி, வந்த கடிதங்களையும் வட்ஸ்அப்பையும் பரப்பிப் பாத்தா கனபேர் ஒரே விசயத்தைத்தான் கேட்டிருக்கினம். நெஞ்சு படபடவெண்டு அடிக்குது, இல்லாட்டில் நெஞ்சுக்குள்ள ஆரோ இறுக்கிப் பிடிச்சமாதிரிக் கிடக்கு. வயசைப் பாத்தா 20, 25, 30. ஈசிஜி எடுத்தாச்சாம், "ஒண்டுமில்லை" எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினமாம், ஆனா அடிக்கிறது நிக்கேல்லையாம். அதால இந்தமுறை முழுக்க நெஞ்சுதான். முழங்கால் நோவெண்டு எழுதின மாமிமார் கோவிக்கக்கூடாது, அடுத்தமுறை கட்டாயம் எழுதுறன்.

கேள்வி: டொக்டர், எனக்கு 22 வயசு, கம்பஸில ரெண்டாம் வருசம், கொக்குவில்ல ரூம் எடுத்து இருக்கிறன். ரெண்டு மாசமா இரவில படுத்தாப் பிறகு நெஞ்சு டக்குடக்கெண்டு அடிக்கத் தொடங்கும், மூச்சு முழுசா உள்ள போகாதமாதிரி இருக்கும், விரல் நுனி, வாயைச் சுத்தி எல்லாம் விறைக்கும், இண்டைக்குச் செத்துப்போவன் எண்டு நினைச்சு ரூமில இருக்கிற பெடியனை எழுப்பி மோட்டர்சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குப் போறது. மூண்டுதரம் ஈசிஜி எடுத்தாச்சு, மூண்டும் நோமல். அங்க போய்ச் சேர முன்னமே பாதி சுகமாயிடும், வெக்கமாவும் கிடக்கு. சோதினை வருது, இரவு 3 மணி மட்டும் படிக்கிறன், நித்திரை வராமல் இருக்க எனர்ஜி ட்ரிங்க் ரெண்டும் கோப்பியும் குடிக்கிறனான். எனக்கு உண்மையா ஒண்டுமில்லையா?

பதில்: தம்பி, உங்கட கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: இருக்கு. "ஒண்டுமில்லை" எண்டது ஒரு வருத்தத்தின்ர பேர் இல்லை. உங்களுக்கு அடிச்சது உண்மை, விறைச்சது உண்மை, அதுக்கொரு காரணமும் இருக்கு, ஆனா அந்தக் காரணம் இதயத்துக்குள்ள இருக்கவேணுமெண்டு கட்டாயமில்லை.

ஈசிஜி எண்டது என்னெண்டு விளங்கினா உங்கட பயத்தில பாதி போயிடும். இதயத்தின்ர மின்சார ஓட்டத்தைக் கடதாசியில கீறுறதுதான் அது, வழமையா எடுக்கிற அந்தக் கடதாசியில இருக்கிறது வெறும் 10 செக்கன். ஒரு நாளுக்கு 86,400 செக்கன், அதில 10 செக்கனைப் பிடிச்சு ஒரு படம். அந்த 10 செக்கனுக்குள்ள நெஞ்சு அடிச்சுக்கொண்டிருந்தா படம் நல்லாப் பேசும், அடிச்சு முடிஞ்சாப் பிறகு எடுத்தா கலியாணவீடு முடிஞ்சு பந்தல் கழட்டினாப் பிறகு போய் நிண்டு எடுத்த போட்டோமாதிரித்தான். அதுக்காக அது வீணெண்டு சொல்லேல்லை, பிறவியிலயே இதயத்தின்ர மின்சார ஓட்டத்தில கோளாறு இருந்தா சும்மா இருக்கேக்க எடுத்த படத்திலயும் சிலது தெரியும், தசை தடிச்சிருந்தாலும் சாடையாக் காட்டும். உங்கட மூண்டிலயும் அப்பிடி ஒண்டுமில்லை எண்டா அது நல்ல செய்தி. நாலாவது எடுக்கத் தேவையில்லை.

இப்ப உங்களுக்கு நடக்கிறதை நீங்கள் எழுதின வரிசையிலயே சொல்லுறன். நாள் முழுக்க ஓடித்திரியேக்க இதயம் அடிக்கிறது தெரியாது, இரவு லைற்றை நூத்துப்போட்டுப் படுத்தா, அதுவும் இடப்பக்கம் சரிஞ்சு படுத்தா, இதயம் நெஞ்சுச் சுவரோட கிட்ட வந்து அடிக்கிறது காதுக்கே கேக்கும். அதைக் கேட்டு மனம் திடுக்கிடுது, உடனே அட்ரினலின் சுரக்குது, அது இதயத்தை இன்னும் வேகமா அடிக்கவைக்குது, அதைக் கேட்டு இன்னும் பயம். பயத்தில உங்களை அறியாமலே வேகவேகமா மூச்சு எடுக்கிறியள், உடம்பில இருக்கிற காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளிய போகுது, ரத்தத்தின்ர அமிலத்தன்மை மாறுது, அதுதான் விரலும் வாயும் விறைக்கிறது, சிலருக்கு விரல் கோணியும் போகும். நெஞ்சு இறுகிறது கனதரம் நெஞ்சுத் தசை இப்பிடி மூச்சை இழுத்து இழுத்துக் களைச்சதாலதான். மூச்சுக் காணாது எண்டு நினைச்சு இன்னும் இழுக்கிறியள், ஆனா உங்களிட்டக் கூடிப்போனதே மூச்சுத்தான். இதுக்குப் பேர் பீதித்தாக்கம், இங்கிலீசில பனிக் அற்றாக். பெரும்பாலும் 10 நிமிசத்துக்குள்ள உச்சத்துக்கு வந்து அரை மணித்தியாலத்துக்குள்ள இறங்கிடும், அதாலதான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வர முன்னம் பாதி சுகம். வெக்கப்பட ஒண்டுமில்லை. நான் மருத்துவபீடத்தில இதயத்தைப் பற்றிப் படிச்ச வருசம் எனக்கும் அந்தப் புத்தகத்தில இருந்த எல்லா வருத்தமும் வந்தது, இரவு வோட்டில வேலை முடிய நேர்ஸ் அக்காவைக் கெஞ்சிக் களவா ஈசிஜி எடுத்தனான், அதுவும் நோமல்தான்.

அந்த எனர்ஜி ட்ரிங்க் விசயம். 250 மில்லிலீற்றர் சின்ன ரின் ஒண்டில 80 மில்லிகிராம் அளவு கஃபீன் இருக்கும், கோப்பி ஒரு கப்பிலயும் கிட்டத்தட்ட அவ்வளவு, தேத்தண்ணியில அதின்ர பாதி. சுகதேகியான பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 400க்கு மேல வேண்டாமெண்டுதான் பொதுவாச் சொல்லுறது. நீங்கள் எல்லாத்தையும் கூட்டிப் பாருங்கோ, பிளேன்ரீயை விட்டிடாதேங்கோ. அதைவிட முக்கியம் குடிக்கிற நேரம்: கஃபீன் உடம்பில பாதியாக் குறையவே 5 மணித்தியாலம் அளவு எடுக்கும், இரவு 10க்குக் குடிச்சா விடிய 3 மணிக்குப் படுக்கேக்கயும் பாதி உள்ளுக்க நிண்டு ஆடும், பிறகு நெஞ்சு அடிக்குதெண்டா அது என்ன செய்யும்? வெத்திலை பாக்குப் போடுற ஆக்களுக்கும் இதைச் சொல்லவேணும், பாக்கும் நெஞ்சை அடிக்கவைக்கும், வேர்க்கவைக்கும்.

செய்யவேண்டியது இதுதான். அடிக்கத் தொடங்கினவுடன மோட்டர்சைக்கிள் திறப்பைத் தேடாமல் மணிக்கட்டில பெருவிரல் பக்கம் மற்றக் கையின்ர ரெண்டு விரலை வைச்சு நாடியைப் பிடியுங்கோ. 30 செக்கன் எண்ணி ரெண்டால பெருக்குங்கோ. சும்மா இருக்கேக்க 60க்கும் 100க்கும் இடையில இருந்தா நோமல், பயத்தில 110, 120, 130 மட்டும் போகும். ஒழுங்கா மணிக்கூடுமாதிரி அடிக்குதோ இல்லை தாறுமாறா அடிக்குதோ எண்டும் பாருங்கோ, மேசையில விரலால தட்டிக்காட்டினா இன்னும் நல்லம். எத்தினை மணிக்குத் தொடங்கினது, மெல்ல மெல்லக் கூடினதோ டக்கெண்டு தொடங்கினதோ, எப்பிடி நிண்டது, அதுக்கு முன்னம் என்ன தின்டது குடிச்சது, எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ. அந்தக் கொப்பி உங்கட மூண்டு ஈசிஜியையும் விட எனக்குப் பெறுமதி. பிறகு மூச்சை மூக்கால 4 எண்ணி உள்ள எடுத்து 6 எண்ணி மெல்ல வெளிய விடுங்கோ, வெளிய விடுறதுதான் நீளமா இருக்கவேணும். கடதாசிப் பையை முகத்தில பிடிச்சு ஊதுறதெண்ட பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையா ஒட்சிசன் காணாத ஆளெண்டா அது ஆபத்து.

ஒருக்கா மட்டும் ஒழுங்கா ரெஸ்ற் செய்யுங்கோ: பிரசர், ரத்தத்தில ஹீமோகுளோபின், தைரொயிட்டுக்கு ரிஎஸ்எச், சீனி. அது சரியெண்டா ரெஸ்ற்றை அதோட விடுங்கோ, ஒவ்வொரு நோமல் ரிசல்ற்றும் ரெண்டு நாளைக்குத்தான் நிம்மதி தரும், பிறகு அடுத்ததைத் தேடும். இது தொடர்ந்து வந்தா மனநல கிளினிக்குக்குப் போங்கோ. போதனா வைத்தியசாலையிலயும் இருக்கு, தெல்லிப்பளையிலயும் இருக்கு. "விசர் டொக்டரிட்டப் போறதோ" எண்டு அம்மா அழுவா எண்டும் தெரியும். அவவுக்குச் சொல்லுங்கோ, இது மூச்சையும் யோசனையையும் பழக்கிற வைத்தியம், தேவையெண்டாத்தான் குளிசை. இரவில கதைக்க ஆள் வேணுமெண்டா 1926 எண்ட இலக்கத்துக்கு அடிக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ர லைன். நெஞ்சடிப்பைக் குறைக்குமெண்டு ஆரோ ஒரு சிநேகிதன் தந்த புரொப்ரனோலோல் குளிசையை மட்டும் போட்டிடாதேங்கோ, தொய்வு (ஆஸ்துமா) வருத்தம் இருக்கிற ஆளெண்டா அது மூச்சையே அடைச்சுப்போடும்.

கேள்வி: வயசு 26, சுன்னாகம், பாங்கில வேலை. வருசத்தில நாலைஞ்சுதரம் எனக்கு நெஞ்சு திடீரெண்டு பறக்கும். குனிஞ்சு பைலை எடுக்கேக்க ஒருக்கா, பஸ்ஸில சும்மா இருக்கேக்க ஒருக்கா. மணிக்கூட்டில பாத்தா 180க்கு மேல. கழுத்துக்குள்ளயும் துடிக்கும். 20 நிமிசம் போக சுவிச்சை நிப்பாட்டினமாதிரி டக்கெண்டு நிண்டிடும். எல்லாரும் டென்சன் எண்டுகினம், எனக்கு அந்த நேரம் ஒரு டென்சனும் இருக்கேல்லை.

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்லுறதுதான் சரி, சொன்ன ஆக்கள் பிழை. மேல எழுதின தம்பியின்ர கதையையும் உங்கடையையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. அவருக்கு மெல்லக் கூடி மெல்லக் குறையுது, உங்களுக்கு சுவிச் போட்டமாதிரித் தொடங்கி சுவிச் நிப்பாட்டினமாதிரி முடியுது. பயத்தில இதயம் 180க்குப் போய்ச் சும்மா பஸ் சீற்றில இருக்கிற ஆளுக்கு நிக்கிறது குறைவு. இது எஸ்விரி எண்டு சொல்லுற வருத்தமா இருக்கலாம். இதயத்துக்குள்ள மின்சாரம் போறதுக்கு ஒரு வழிதான் இருக்கவேணும், சிலருக்குப் பிறக்கேக்கயே ஒரு குறுக்கொழுங்கை கூட இருக்கும், எப்பவாவது மின்சாரம் அந்த ஒழுங்கையால சுத்திவந்து வந்து தன்ர வாலைத் தானே பிடிச்சு ஓடும். இளம் ஆக்களுக்கு வாறது, பொதுவா உயிராபத்து இல்லை, ஆனா பெண்பிள்ளையளுக்கு இதைப் பயமெண்டு சொல்லி வருசக்கணக்கா அலைக்கழிக்கிறது எனக்குக் கோவம் வாற விசயம்.

உங்களுக்கு வேண்டியது அடிக்கேக்க எடுத்த ஒரு ஈசிஜி. அடுத்தமுறை தொடங்கினவுடன கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில நிக்காமல் "இப்ப அடிச்சுக்கொண்டிருக்கு, ஈசிஜி எடுங்கோ" எண்டு சத்தமாச் சொல்லுங்கோ, வெக்கப்படாதேங்கோ. அந்தக் கடதாசியின்ர கொப்பி ஒண்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமா வைச்சிருங்கோ, அதுதான் உங்கட சாட்சி. சும்மா இருக்கேக்க எடுத்ததையும் இதய வைத்திய நிபுணருக்குக் காட்டுங்கோ, சிலருக்கு அந்தக் குறுக்கொழுங்கை அதிலயே தெரியும், அதின்ர பேர் டபிள்யூ.பி.டபிள்யூ, அதைக் கவனமாக் கையாளவேணும்.

எஸ்விரிதான் எண்டு உறுதியானாப் பிறகு வீட்டில செய்யக்கூடிய கைவேலை ஒண்டும் இருக்கு. சாய்ஞ்சு இருந்து 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின்ர வாய்க்குள்ள, உள்ள இருக்கிற தண்டு அசையிற அளவுக்கு 15 செக்கன் ஊதவேணும், உடனே மல்லாக்கப் படுக்க வேறொராள் ரெண்டு காலையும் தூக்கி 15 செக்கன் பிடிக்கவேணும். 2015ல வந்த ஒரு ஆய்வில இப்பிடிச் செய்த ஆக்களில 43 வீதம்பேருக்கு இதயம் திரும்ப ஒழுங்குக்கு வந்தது, காலைத் தூக்காமல் சும்மா ஊதின ஆக்களுக்கு 17 வீதம்தான். முதல்முறை டொக்டருக்கு முன்னால செய்து பழகுங்கோ. அடிக்கடி வந்து தொல்லையெண்டா அந்த ஒழுங்கையைச் சுட்டு மூடுற சிகிச்சை இருக்கு, தொடைப்பக்க ரத்தக்குழாயால வயர் விட்டுச் செய்யிறது, அனேகமானவைக்கு அதோட வருத்தமே முடிஞ்சுபோகும். அடிக்கேக்க மயங்கினா, நெஞ்சு நொந்தா, வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தா, ஓரமா நிண்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

கேள்வி: பருத்தித்துறையில இருந்து எழுதுறன் டொக்டர். மகளுக்கு 19, ஏஎல் எழுதிப்போட்டு இருக்கிறா. கொஞ்சநாளாக் கிணத்தடியில ரெண்டு வாளி அள்ளினாலே களைக்குது, நெஞ்சு அடிக்குது எண்டுறா. முகமும் வெளிறிக் கிடக்கு. மாசச்சுகயீனம் 8 நாள் போகும். சாப்பாடு ஒழுங்கில்லை, எந்தநேரமும் தேத்தண்ணி. ரத்தம் காணாது எண்டு நினைக்கிறன், நல்ல ரொனிக் ஒண்டு சொல்லுங்கோ. சின்னனில முழங்கால் வீங்கி மாசாமாசம் ஊசி போட்டது, பிறகு சுகமெண்டு விட்டிட்டம்.

பதில்: அம்மா, நீங்கள் ரொனிக்கைக் கேட்டுப்போட்டுக் கடைசியில போறபோக்கில ஒரு வசனம் எழுதியிருக்கிறியள், எனக்கு அந்த வசனத்தைத் தாண்டிப் போகேலாமல் கிடக்கு.

முதல் உங்கட கணிப்பைப் பாப்பம், அது நல்ல கணிப்புத்தான். ரத்தம் காணாட்டில் ஒட்சிசனைக் காவ ஆள் குறைவு, இருக்கிற கொஞ்சத்தை வைச்சு இதயம் வேகமாச் சுத்தி ஓடவேண்டிக்கிடக்கு, அதுதான் களைப்பும் படபடப்பும். பெண்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனா ரத்தச்சோகை. 8 நாள் போறது கூடத்தான், அதைப் பெண்நோய் டொக்டருக்குக் காட்டவேணும், எவ்வளவு இரும்பு குடுத்தாலும் ஓட்டைவாளியில தண்ணி நிக்காது. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா சாப்பாட்டில இருக்கிற இரும்பு உடம்பில சரியாச் சேராது, ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடச்சொல்லுங்கோ. முருங்கையிலை, கீரை, பயறு நல்லம், தேசிக்காய் பிழிஞ்சா இன்னும் நல்லம், ஆனா மீனும் இறைச்சியும் ஈரலும் தாற இரும்புதான் லேசாச் சேரும். எண்டாலும் ரெஸ்ற் செய்யாமல் குளிசை வேண்டாம், சிறுசிறு சிவப்பணு இருக்கிற எல்லாருக்கும் இரும்புக் குறையெண்டில்லை, தலசீமியா எண்ட பரம்பரை ரத்த வருத்தத்தின்ர கூறு உள்ள ஆக்களும் இருக்கினம். தைரொயிட்டும் பாக்கட்டும். கை நடுக்கம், வெக்கை தாங்கேலாமை, தின்டும் மெலியிறது இருந்தா அதுவாவும் இருக்கலாம்.

இப்ப அந்த ஊசி. சின்னப்பிள்ளையள் தொண்டைநோ வந்து ரெண்டு மூண்டு கிழமையால ஒரு மூட்டில இருந்து மற்ற மூட்டுக்கு மாறி மாறி வீங்கி, டொக்டர் மாசாமாசம் பெனிசிலின் ஊசி எழுதினா, அது அனேகமா வாதக்காய்ச்சல், ருமற்றிக் பீவர். எங்கட பழைய ஆக்கள் மூட்டு வீக்கம் மாறினவுடன எல்லாம் மாறிட்டுதெண்டு நினைச்சிடுவினம், உங்களிலயும் பிழையில்லை, ஊசியும் பொல்லாத நோ, பிள்ளை அழும், பஸ் பிடிச்சுப் போகவேணும். ஆனா அந்த ஊசி முழங்காலுக்குப் போட்டது இல்லை, இதயத்தின்ர வால்வுக்குப் போட்டது. தொண்டைநோவோட அந்த வருத்தம் திரும்பவும் வரலாம், வரவர வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுருக்கும். சுருங்கிறது வெளியில தெரியாது. பிறகு 19, 20 வயசில வாளி தூக்கேக்க களைக்கும், இல்லாட்டில் கலியாணம் கட்டிப் பிள்ளை தங்கினாப் பிறகு திடீரெண்டு மூச்சுமுட்டிக்கொண்டு வோட்டுக்கு வருவினம். இதயத்தில ஒண்டும் இல்லாட்டிலும் அந்த ஊசியைக் குறைஞ்சது 5 வருசம் இல்லாட்டில் 21 வயசு மட்டும், ரெண்டில எது நீளமோ அதுவரைக்கும் போடுறதுதான் வழமை, இதயத்தைப் பாதிச்சிருந்தா இன்னும் கனகாலம். உங்கட மகளுக்கு இன்னும் 19தான்.

மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, பழைய கிளினிக் கொப்பி அலுமாரியில கிடந்தா அதையும் கொண்டு போங்கோ, இல்லாட்டில் இந்த ஊசிக் கதையை டொக்டர் கேக்காமலே நீங்கள் முதல்ல சொல்லுங்கோ. நெஞ்சில குழல் வைச்சாலே சத்தம் கேட்டிடும், எக்கோ எண்ட இதய ஸ்கான் செய்தா வால்வு கண்ணுக்குத் தெரியும், நோவில்லை. ரத்தச்சோகை மட்டும்தான் எண்டு முடிஞ்சா எல்லாருக்கும் சந்தோசம்.

கேள்வி: மகன் 17 வயசு, ஸ்கூல் புட்போல் ரீம். போனகிழமை பிறக்ரிசில ஓடிக்கொண்டிருக்கேக்க விழுந்து கொஞ்சநேரம் நினைவில்லை, தண்ணி தெளிக்க எழும்பிட்டான். வெயிலுக்கெண்டு மாஸ்டர் சொன்னார். மனுசியின்ர தம்பி 29 வயசில நித்திரையில செத்தவர். வாற சனிக்கிழமை மட்ச், விடலாமோ?

பதில்: விடாதேங்கோ. இந்தக் கடிதத்துக்கு மட்டும் பத்திரிகை அச்சாகும்வரைக்கும் நிக்காமல் அண்டைக்கே போனில பதில் சொல்லிட்டன், மற்ற அப்பாமாருக்காகத்தான் இதில போடுறன்.

காலமைப் பிரார்த்தனையில வெயிலுக்குள்ள நிண்டு, கண் இருட்டி, வேர்த்து, மெல்லச் சரிஞ்சு விழுறது வேற, அது கனபிள்ளையளுக்கு வாறது. ஓடிக்கொண்டிருக்கேக்க, முன்னறிவிப்பு இல்லாமல் விழுறது வேற. அதோட குடும்பத்தில இளவயசுச் சாவொண்டும் இருந்தா, நான் வேறொண்டும் யோசிக்கமாட்டன், இதயம்தான். இதயத்தசை பிறவியில தடிச்சு வாற வருத்தம் ஒண்டு இருக்கு, கிட்டத்தட்ட 500 பேருக்கு ஒராள் எண்டு சொல்லுறது, அதில கனபேருக்கு ஒரு குணங்குறியும் இருக்காது. மின்சாரக் கோளாறுகளும் இருக்கு, அதில சிலது நித்திரையிலயே கொண்டுபோகும். ரெண்டுவகையும் குடும்பத்துக்குள்ள ஓடும். ஈசிஜியும் எக்கோவும் முடிஞ்சு இதய வைத்திய நிபுணர் "விளையாடலாம்" எண்டு வாயால சொல்லும்வரைக்கும் பந்து, ஓட்டம், நீச்சல் ஒண்டும் வேண்டாம். தாயும் சகோதரங்களும் ஒருக்காக் காட்டவேணும். மாஸ்டர்மாருக்கு ஒண்டு: விழுந்த பிள்ளை கூப்பிடப் பேசாமல், மூச்சும் ஒழுங்கா எடுக்காமல் கிடந்தா தண்ணி தெளிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, ஒராளை 1990க்கு அடிக்கச் சொல்லிப்போட்டு நெஞ்சின்ர நடுவில ரெண்டு கையையும் வைச்சு 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிசத்துக்கு 100க்கும் 120க்கும் இடையில அமத்திக்கொண்டே இருங்கோ, வண்டி வரும்வரைக்கும்.

கேள்வி: நான் ஓட்டோ ஓடுறனான், வயசு 36. சைக்கிள்ல சோளகக் காத்துக்கு எதிரா மிதிக்கேக்க நெஞ்சின்ர நடுவில பாறாங்கல் வைச்சமாதிரிப் பாரம், இடக்கைக்கும் தாடைக்கும் இழுக்கும். நிண்டா 5 நிமிசத்தில போயிடும். வாய்வெண்டு இஞ்சியும் ஓமமும் போட்டுக் குடிக்கிறன், கொஞ்சம் சுகம். சிகரட் ஒரு நாளைக்குப் பத்து. ஓட்டோவில இருக்கேக்க ஒண்டுமில்லை.

பதில்: யாழ்ப்பாணத்தில மலையில்லை, ஏத்தமில்லை, அதால இதயத்தைச் சோதிக்கிற மிசின் எங்களுக்குச் சோளகம்தான். உங்களுக்கு அது ரெஸ்ற் செய்து ரிசல்ற்றும் தந்திட்டுது.

வாய்வுக்கு நீங்கள் சைக்கிள்ல போறியளோ கதிரையில இருக்கிறியளோ எண்டு தெரியாது. நெஞ்செரிவெண்டா இரவு பதினொரு மணிக்குக் கொத்துரொட்டி அடிச்சுப்போட்டு மல்லாக்கப் படுக்கேக்க எரியும், புளிச்சுக்கொண்டு தொண்டைக்கு வரும். தசை நோவெண்டா விரலால அமத்திக் காட்டலாம். மிதிக்கேக்க வந்து நிண்டவுடன போற பாரம், அதுவும் கைக்கும் தாடைக்கும் இழுக்குதெண்டா, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஒடுங்கி நிக்குதெண்டுதான் எடுக்கவேணும். நிண்டா எப்பிடியும் போற நோ அது, அந்த நேரம் கையில இஞ்சித் தேத்தண்ணி இருந்தது, பேர் அதுக்குப் போயிட்டுது.

36 வயசில வருமோ எண்டு கேப்பியள். 52 நாடுகளில செய்த இன்டர்ஹார்ட் ஆய்வில எங்கட தெற்காசிய ஆக்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயசு 53, மற்ற நாட்டுக்காரருக்குக் கிட்டத்தட்ட 59. சராசரி 53 எண்டா கனபேருக்கு அதுக்கு முன்னமே வந்திட்டுது எண்டுதான் அர்த்தம். அதோட பத்துச் சிகரட். இந்தக் கிழமைக்குள்ள போதனா வைத்தியசாலைக்குப் போங்கோ, ஓட்டோவில நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதேங்கோ. சும்மா இருக்கேக்க எடுக்கிற ஈசிஜி உங்களுக்கும் நோமலா இருக்கலாம், அதைக் காட்டி அனுப்பினா "மிதிக்கேக்க வருது, நிண்டாப் போகுது" எண்ட அந்த ஒரு வசனத்தைத் திரும்பச் சொல்லுங்கோ. அதுக்கிடையில எப்பவாவது நிண்டும் 15 நிமிசத்துக்கு மேல நோ போகாட்டில், சும்மா இருக்கேக்க வந்தால், குளிர்வேர்வை வேர்த்தால், உடனே 1990. அது காசில்லாத வண்டி, வடக்குக்கு 2018ல வந்தது, இன்னும் கனபேர் அதை அடிக்காமல் ஆரின்ர வான் இருக்கெண்டு ஒழுங்கையெல்லாம் தேடிக்கொண்டு நிக்கினம். அஸ்பிரின் ஒத்துவரும் எண்டா, 1990இல கதைக்கிறவை சொன்னால் 300 மில்லிகிராம் குளிசையைச் சப்பித் தின்னலாம்.

சின்னச் சின்னக் கேள்வியள்

*ஊசி குத்தினமாதிரி நெஞ்சின்ர இடப்பக்கம் சில செக்கன் குத்தும், மூச்சு இழுத்தாக் கூடும், பிறகு இல்லை. வயசு 18. (மானிப்பாய்)* இளம்பிள்ளையளுக்குக் கனதரம் வாறது, நெஞ்சுச் சுவரில இருந்து வாற நோ, இதயம் இல்லை. வளைஞ்சு இருந்து போன் பாக்கேக்கதான் கூட வரும். நிமிர்ந்து இருங்கோ.

*ஜிம்முக்குப் போகத் தொடங்கினாப் பிறகு நெஞ்செலும்புக்குப் பக்கத்தில அமத்தினா நோ. (திருநெல்வேலி)* விலாவும் நெஞ்செலும்பும் பொருந்திற இடத்தின்ர அழற்சி. ரெண்டு கிழமை பாரம் தூக்காதேங்கோ. ஆனா நெடுத்து மெலிஞ்ச பெடியள், சிகரட் பத்துறவை, திடீரெண்டு ஒரு பக்கம் குத்தி மூச்சும் முட்டினா எக்ஸ்ரே எடுக்கவேணும், நுரையீரல் வெடிச்சுக் காத்து வெளிய வந்திருக்கலாம்.

*தொய்வுக்கு நீலப் பம்ப் அடிச்சா நெஞ்சு அடிக்குது, கை நடுங்குது.* அந்த மருந்தின்ர குணம் அது, கொஞ்சநேரத்தில போயிடும். ஆனா கிழமைக்கு ரெண்டுதரத்துக்கு மேல நீலப் பம்ப் தேவைப்படுதெண்டா தொய்வு அடங்கேல்லை எண்டுதான் அர்த்தம், கிளினிக்கில சொல்லுங்கோ.

*டெங்கு வந்து சுகமாகி ரெண்டு கிழமை, நடந்தா நெஞ்சு அடிக்குது. (அரியாலை)* காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சநாள் களைப்பு இருக்கும். எண்டாலும் வைரஸ் காய்ச்சல் இதயத்தசையையும் தாக்கக்கூடியது, அதால நெஞ்சு நோ, கால்வீக்கம், படுத்தா மூச்சுமுட்டுறது, இதில ஒண்டு இருந்தாலும் உடனே காட்டுங்கோ, அதுவரைக்கும் ஓட்டமும் ஜிம்மும் வேண்டாம்.

*கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தனான், வந்து மூண்டாம் நாள் ஒரு கெண்டைக்கால் வீங்கி நோகுது, இப்ப நெஞ்சும் இறுக்குது. வயசு 31, கருத்தடைக் குளிசை எடுக்கிறன்.* கனநேரம் பிளேனில கால் மடிச்சு இருந்ததால காலில ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம். தேர் பாக்கிறதை விட்டிட்டு இப்பவே 1990.

*பேரனுக்கு 20 வயசு டொக்டர், சோதினை எண்டா நெஞ்சு அடிக்குது எண்டுறான். கண்பட்டிருக்குமெண்டு நாவூறு கழிச்சு வேப்பிலையும் அடிச்சுவிட்டனான், பேத்தி என்னைப் பாத்துச் சிரிக்கிறாள். பிழையோ? (உடுப்பிட்டி)* வேப்பிலையில ஒரு பிழையும் இல்லை அம்மம்மா, பக்கத்தில ஒராள் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாலே அரைவாசி அடங்கும். அடிக்கேக்க அந்தக் கையை விடாமல், சிரிக்கிற பேத்தியையும் மணிக்கூட்டோட கிட்டக் கூப்பிட்டு, மணிக்கட்டில நாடியை 30 செக்கன் எண்ணி எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கோ.